ஒரு நாளுக்கு ஒரு சரிவு: நீலகிரியைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

ஈரோட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வரும் சொந்தக்காரர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். “மாப்ளே, காலைல ஏறினா ஊட்டி, குன்னூர், பைக்காரா எல்லாம் பாத்துட்டு ராத்திரிக்கு எறங்கிரலாமில்ல?” இறங்கிவிடலாம். ஆனால் அப்படிப் போய் வந்தவர்களிடம் ஒரு மாதம் கழித்து என்ன பார்த்தீர்கள் என்று விசாரித்தால் ஏரி, பூங்கா, டிராஃபிக் என்று மூன்றைத்தான் சொல்கிறார்கள். இந்த மலையின் வரலாறும் காடும் அவர்கள் கண்ணில் படவே இல்லை. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. பிழைப்புக்காகக் கோத்தகிரிக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவன் நான். வீட்டுக்கு வருகிறவர்களை அழைத்துக்கொண்டு அலைந்ததில் எனக்கென்று ஒரு முறை உருவாகியிருக்கிறது. குடும்பத்தோடு வர நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று அதை எழுதிவைக்கிறேன்.

அந்த முறை, ஒரு நாளுக்கு ஒரு சரிவு என்பதுதான். நீலகிரி சிறிய மாவட்டம், ஏறத்தாழ 2,550 சதுர கிலோமீட்டர். வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். ஆனால் இங்கே தூரத்தைக் கிலோமீட்டரில் அல்ல, மணிக்கணக்கில்தான் யோசிக்க வேண்டும். கோத்தகிரியிலிருந்து ஊட்டி 30 கிலோமீட்டர். கூட்டமில்லாத நாளிலேயே ஒரு மணி நேரம் பிடிக்கும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் எவ்வளவு ஆகும் என்று எந்த டிரைவரும் உறுதி சொல்ல மாட்டார். கோடநாடு மலையின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது, பைக்காரா மேற்கில். இரண்டையும் ஒரே நாளில் வைத்தால் பகல் முழுவதும் வண்டிக்குள்ளேயே போய்விடும். அதற்குப் பதிலாக ஒரே சாலையில் இருக்கும் மூன்று இடங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காடாக இருக்கட்டும், ஒன்று பழைய கட்டடமாக, ஒன்று மக்கள் வாழும் இடமாக. நடக்கவும் உட்காரவும் யாரிடமாவது இரண்டு வார்த்தை பேசவும் நேரம் இருக்கும்.

எந்தச் சரிவு என்பதை முடிவு செய்வது மழை. இதைப் பலரும் யோசிப்பதில்லை. இந்த மலைக்கு இரண்டு பருவமழை, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைத்தான் அதிகம் நனைக்கும். ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை கூடலூர், தேவாலா, பந்தலூர், அவலாஞ்சி என்று மேற்குப் பகுதியில் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. தமிழ்நாட்டின் பல ஊர்களுக்கு ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை அது. மேற்கில் அப்படிக் கொட்டும் காலங்களில் கோத்தகிரி பக்கம் சாரலும் காற்றும் மட்டுமாக இருப்பதும் உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கதை தலைகீழாகும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி சரிவுகளைப் பிடித்துக்கொள்ளும். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்தி பகுதிகளில் ஏற்பட்ட மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இங்கே இருப்பவர்கள் அதை இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஆடி, ஆவணியில் வருகிறவர்களைக் கிழக்குப் பக்கமும், ஐப்பசி, கார்த்திகையில் வருகிறவர்களை மேற்குப் பக்கமும் அனுப்புகிறேன். தையும் மாசியும் எல்லாப் பக்கத்துக்கும் நல்லவை. வானம் துடைத்த மாதிரி தெளிவாக இருக்கும், காலையில் ஊட்டியைச் சுற்றியுள்ள பள்ளங்களில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குல்லாவும் கம்பளியும் அவசியம். ஏப்ரல், மே தவிர வேறு நாளே கிடைக்காது என்பவர்கள் வார நாளில் வாருங்கள்.

கிழக்குச் சரிவிலிருந்து தொடங்குகிறேன். எனக்கு மிகவும் பிடித்த நாள் இதுதான்.

காலை ஏழு மணிக்கெல்லாம் கோத்தகிரியிலிருந்து கோடநாட்டுக்குக் கிளம்பிவிட வேண்டும். முக்கால் மணி நேரப் பாதை, இருபுறமும் தேயிலை. காட்சிமுனை என்பதால் எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்று நினைக்க வேண்டாம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழும்பி வந்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். மத்தியானம் வந்து வெறும் வெள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் நிறையப் பேர். தெளிவான காலையில் அங்கே நின்றால், காலடியில் மோயாறு வெட்டிய ஆழமான பள்ளத்தாக்கு தெரியும். இரங்கசாமி மலையும் அதன் தூண் போன்ற பாறையும் தெரியும். இருளர்களுக்கு அந்த மலை கோயில். தூரத்தில் சமவெளியில் பளபளப்பது பவானிசாகர் அணையின் நீர்.

அந்த நீரைக் காட்டித்தான் நான் வரலாற்றைத் தொடங்குவேன். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த அணைக்கு அடியில் தண்ணாயக்கன் கோட்டை மூழ்கிக் கிடக்கிறது. கர்நாடகத்து ஹொய்சள அரசர்களின் படைத்தலைவர்களான தண்டநாயகர்கள் ஆண்ட கோட்டை அது. மலைமேல் ஏறும் பழைய பாதைகளில் ஒன்று அந்தப் பக்கத்திலிருந்துதான் புறப்பட்டது. நீலமலையின் பெயர் வரும் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்றும் ஹொய்சளர்களுடையதே. விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தி இந்த மலையைக் கைப்பற்றினான் என்று 1117ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று பேசுகிறது. ஆக, 900 ஆண்டுகளுக்கு முன்பே தோடர்கள் இங்கே எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள், கீழே இருந்தவர்களுக்கும் அது தெரிந்திருந்தது. நீலகிரியை வெள்ளைக்காரர்கள் ‘கண்டுபிடித்தார்கள்’ என்று பிள்ளைகள் பள்ளியில் கேட்டுவிட்டு வந்து சொல்லும்போது, இந்தக் காட்சிமுனையில் நிற்கவைத்து இதைச் சொன்னால் மனதில் நிற்கிறது. என் அப்பா சத்தியமங்கலத்துக்காரர். அணையில் தண்ணீர் வற்றும் ஆண்டுகளில் பழைய பெருமாள் கோயில் மண்டபம் வெளியே தலைகாட்டுவதைச் சின்ன வயதில் போய்ப் பார்த்தவர். மேலே நின்றுகொண்டு அவர் அதைச் சொல்லக் கேட்டபோது, மலையும் சமவெளியும் ஒரே கதைதான் என்பது அக்கா பிள்ளைகளுக்கு விளங்கியது. வீட்டுப் பெரியவர்கள் யாராவது இப்படி ஒரு நினைவை வைத்திருந்தால் அவர்களைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். எந்த கைடும் அதைச் சொல்ல முடியாது.

கோடநாட்டிலிருந்து திரும்பி வந்து லாங்வுட் சோலை. கோத்தகிரி டவுனுக்குப் பக்கத்திலேயே, சுமார் 116 ஹெக்டேரில், தேயிலைத் தோட்டங்களுக்கும் வீடுகளுக்கும் நடுவே தப்பிப் பிழைத்த காடு. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. குளமும் இல்லை, ஏரியும் இல்லை, ஒரு காட்டை ஏன் ஈரநிலப் பட்டியலில் சேர்த்தார்கள் என்று மைத்துனர் கேட்டார். நல்ல கேள்வி. நீலகிரியின் உச்சி நிலம் பழைய காலத்தில் இரண்டே வகை. மேட்டில் புல்வெளி, மடிப்புகளில் சோலை. சோலை மரங்கள் உயரமாக வளராது. குடை விரித்த மாதிரி நெருக்கமாகக் கவிந்து, கிளையெல்லாம் பாசியும் ஆர்க்கிடும் பிடித்து நிற்கும். தரையில் மக்கிய இலை பஞ்சு போல மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மழை நின்று பல மாதம் ஆன பிறகும் ஓடையாகக் கசியவிடும். சுற்றியுள்ள பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் அந்தக் கசிவுதான்.

புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்த வெள்ளைக்காரர்கள் விறகுக்காகச் சீகை மரத்தையும் கற்பூர மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்கள். பிறகு தேயிலை, அதன் பிறகு ஊர். ஊட்டி சாலையில் கற்பூர மர வரிசையைப் பார்த்து “என்ன அழகான காடு” என்று வியக்கும் உறவினர்களை, அன்றைக்கே லாங்வுட் சோலைக்குள் அழைத்துப் போகிறேன். கற்பூரத் தோப்பில் தரை காய்ந்து கிடக்கும். சோலைக்குள் காலை வைத்த உடனே குளிர் மாறும், மண் மணம் மாறும், சத்தம் அடங்கும். பத்து நிமிடம் பேசாமல் நின்றால் கருமந்தியின் குரலோ மலை அணிலின் தாவலோ நீலகிரிச் சிரிப்பான் பறவையின் கூவலோ ஏதாவது ஒன்று கிடைக்கும். எது காடு, எது தோப்பு என்று அதன் பிறகு விளக்க வேண்டியதில்லை. இங்கே வனத்துறையிடம் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். மழை நாளில் அட்டை ஏறும், கணுக்காலை மூடும் ஷூவும் நீளக் காலுறையும் போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் பாட்டு வேண்டவே வேண்டாம்.

சாப்பாட்டுக்குப் பிறகு, மூடுபனி ஏறியிருக்கும் நேரத்தில், கன்னேரிமுக்கு. வெளியே ஒன்றும் தெரியாத நேரத்தைக் கட்டடத்துக்குள் செலவிடுவதுதான் மலையில் புத்திசாலித்தனமான ஏற்பாடு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் மலையேறி வந்து கட்டிய முதல் வீடு இங்கே இருக்கிறது. பெத்தக்கல் பங்களா என்பார்கள். இடிந்து கிடந்ததைச் சீர்ப்படுத்தி இப்போது சல்லிவன் நினைவகமாகவும் நீலகிரி ஆவண மையமாகவும் வைத்திருக்கிறார்கள். பழைய புகைப்படங்கள், பழங்குடி மக்களின் படங்கள், ரயில் பாதை போட்ட காலத்துச் சித்திரங்கள் எல்லாம் உண்டு. ஊட்டி ஏரி, காய்கறி விவசாயம், சாலை என்று இன்றைய நீலகிரிக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் சல்லிவன். அதே சமயம், நிலம் தோடர்களுக்கு உரியது என்று தன் மேலதிகாரிகளிடமே வாதாடியவரும் அவர்தான். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் அவரைச் சரியாகச் சொன்னதாகும்.

பங்களாவைச் சுற்றி இருப்பது படகர்களின் ஹட்டி, அதாவது அவர்களுடைய ஊர். வரிசை வீடுகள், முன்னால் களம், கோயில். வீடுகளை எட்டிப் பார்ப்பதும் கேட்காமல் படம் பிடிப்பதும் கூடாது. நின்று வணக்கம் சொல்லிப் பேசினால் அவர்களே நிறையச் சொல்வார்கள். மார்கழி, தை மாதங்களில் படகர்களின் தெய்வமான ஹெத்தைக்குப் பண்டிகை நடக்கும்போது கோத்தகிரிப் பக்கத்துப் பேரகணியில் வெள்ளை உடுத்திய ஆயிரக்கணக்கான மக்கள் கூடுவார்கள். அந்த நாட்களில் வருகிறவர்கள் அது ஒரு மக்களின் வழிபாடு, காட்சிப்பொருள் அல்ல என்பதை மனதில் வைத்துக்கொண்டு, ஊர்ப் பெரியவர்களைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.

ஊட்டிக்கு என்று ஒரு நாள் வைத்தால் வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள். டவுனுக்குள் பார்க்க வேண்டியவை நடக்கும் தூரத்தில்தான் இருக்கின்றன. வண்டியை எடுத்து எடுத்துப் பார்க்கிங் தேடுவதில்தான் பலருடைய நாள் வீணாகிறது. நான் தொடங்குவது செயின்ட் ஸ்டீபன் தேவாலயத்தில். 1829 ஏப்ரல் 23 அன்று அடிக்கல் போட்டார்கள். உள்ளே போய் நிமிர்ந்து பார்த்தால் தெரியும் பெரிய உத்தரங்கள், ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்துக் கொண்டுவந்தவை. 1799இல் திப்பு வீழ்ந்த பிறகுதான் நீலகிரி கும்பினியார் கைக்கு வந்தது. அவருடைய அரண்மனை மரமே முப்பது ஆண்டுக்குள் இங்கே கோயில் கூரையைத் தாங்க வந்துவிட்டது. பின்னால் இருக்கும் கல்லறைத் தோட்டத்தில் சல்லிவனின் மனைவியும் மகளும் உறங்குகிறார்கள். கோத்தகிரியில் அவர் வீட்டைப் பார்த்துவிட்டு மறுநாள் இங்கே வருகிறவர்கள் அந்தக் கல்லறை முன்னால் சற்று நேரம் நிற்பதைக் கவனித்திருக்கிறேன்.

அங்கிருந்து நீலகிரி நூலகத்தின் சிவப்புக் கட்டடத்தைப் பார்த்தபடி சேரிங் கிராஸ் இறங்கி, தாவரவியல் பூங்கா. ஏரியை விட்டுவிடச் சொல்வேன். படகு விடுவதற்குக் கீழே எத்தனையோ ஏரிகள் உண்டு. ஆனால் ஒரு விஷயம் தெரிந்திருந்தால் நல்லது. 1820களில் சல்லிவன் கட்டிய அந்த ஏரி இப்போது இருப்பதைவிடப் பெரியது. பஸ் ஸ்டாண்டும் குதிரைப் பந்தய மைதானமும் இருப்பது பழைய ஏரியின் படுகையில்தான். கனமழை நாளில் அந்தப் பக்கம் ஏன் தண்ணீர் தேங்குகிறது என்பது அப்போது புரியும்.

பூங்காவை 1848இல் உருவாக்கத் தொடங்கியவர் மெக்கைவர் என்ற தோட்டக்கலைஞர். பிறகு நீலகிரியில் குயினைன் மருந்து தரும் சின்கோனா மரம் பயிரிடுவதை நடத்தியவரும் அவரே. மலர்ப் பாத்திகளோடு நின்றுவிடாமல், இரண்டு கோடி ஆண்டுப் பழமையான கல்மரத்தைப் பார்த்துவிட்டு, மேட்டுப் பக்கமாக ஏறிப் போங்கள். மேல் ஓரத்தில் மந்து, அதாவது தோடர்களின் குடியிருப்பு, இருக்கிறது. பாதிப் பீப்பாய் கவிழ்த்த வடிவத்தில் மூங்கிலும் பிரம்பும் புல்லும் கொண்டு கட்டிய வீட்டை இங்கே நெருக்கத்தில் பார்க்கலாம். மந்துகளில் உள்ள கோயில்களுக்குள் வெளியாட்கள் போகக் கூடாது, பக்கத்திலும் நெருங்க வேண்டாம். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாகத் தோடப் பெண்கள் போடும் பூவேலைப்பாடு 2013இல் புவிசார் குறியீடு பெற்றது. வாங்குவதானால் அந்தப் பெண்களிடமே வாங்குங்கள். ஒரு சால்வைக்கு மாதக்கணக்கில் உழைப்பு போகிறது, விலையைக் குறைத்துக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

ஊட்டியில் இன்னொரு அரை நாள் கிடைத்தால் முத்தோரை பாலாடா. இந்த இடத்தை வேன் டிரைவர்களின் பட்டியலில் நான் பார்த்ததே இல்லை, ஆனால் பள்ளிப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் ஊட்டியில் கிடையாது என்பேன். பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இங்கே இருக்கிறது. தமிழ்நாட்டில் மிகவும் பலவீனமான பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு பிரிவினரும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர், இந்த மாவட்டத்தில் வாழ்கிறார்கள். அவர்களின் வீட்டு மாதிரிகள், கருவிகள், அணிகள் எல்லாம் வைத்திருக்கிறார்கள். அரசு அலுவலகம் என்பதால் வேலை நாளில், வேலை நேரத்தில்தான் போக வேண்டும்.

அருகிலேயே, வானத்திலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ரேடியோ தொலைநோக்கி. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970இல் இயங்கத் தொடங்கியது. கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் நம் விஞ்ஞானிகளே வடிவமைத்துக் கட்டியது. ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில் இருக்கிறது. அதே 11 டிகிரி சாய்வுள்ள ஒரு மலைச்சரிவைத் தேடிப் பிடித்து, வடக்கு தெற்காக இந்தக் கருவியைப் படுக்கவைத்தார்கள். அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும், வானத்தில் ஓர் இடத்தைப் பல மணி நேரம் பின்தொடரலாம். நீலகிரியின் சரிவே விஞ்ஞானக் கருவியின் பாகமாக மாறிய இடம் இது. உள்ளே போக முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் சாலையிலிருந்தே அந்த நீண்ட கம்பிக்கூடு வரிசையைப் பார்த்து இதை விளக்கலாம்.

குன்னூர் நாளுக்கு மலை ரயிலைச் சுற்றித் திட்டமிடுங்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899இலும் ஊட்டி வரை 1908இலும் வந்த பாதை, 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆனது. கல்லாறிலிருந்து குன்னூர் வரை 12 அடிக்கு ஓர் அடி ஏறும் செங்குத்து. அந்தப் பகுதியில் தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். எஞ்சின் தன் பல்சக்கரத்தை அதில் மாட்டிக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும். முழுப் பயணத்துக்கு டிக்கெட் கிடைத்தால் பாக்கியம். ஆனால் மேலேறவே ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்தில் ஆகிவிடும், அன்றைய நாளில் வேறெதையும் சேர்க்க முடியாது. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் நான் குன்னூர்–ஊட்டிப் பகுதியை மட்டும் சொல்வேன். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல், கேத்திப் பள்ளத்தாக்கு நன்றாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகையில் பாதையில் மண் சரிந்து ரயில் நிற்பது வழக்கம். டிக்கெட் கையில் இருந்தாலும் முந்தின நாள் ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சாலைவழியாக ஒரு மாற்றுத் திட்டத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரயிலுக்கு முன்னாலோ பின்னாலோ சிம்ஸ் பூங்கா. 1874இல் உருவானது. ஊட்டிப் பூங்காவின் கூட்டம் இங்கே கிடையாது, மரங்களின் பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டே பள்ளத்துக்கு இறங்கலாம். லாம்ஸ் ராக், டால்பின் நோஸ் இரண்டும் காட்சிமுனைகள், கோடநாட்டுக்குச் சொன்ன காலை விதி இவற்றுக்கும் பொருந்தும். டால்பின் நோஸிலிருந்து எதிர்ப்பக்கத்தில் கேத்தரின் அருவி விழுவது தெரியும். கோத்தகிரியில் காப்பி பயிரிட்ட காக்பர்னின் மனைவி பெயர் அது. நடக்கத் தெம்பிருப்பவர்கள் பக்காசுரன் கோட்டைக்குப் போகலாம். திப்பு காலத்துக் காவல் அரண், இப்போது சிதிலம்தான் மிச்சம். ஆனால் அங்கிருந்து கோவைச் சமவெளி முழுதும் விரிவதைப் பார்த்தால் ஏன் இங்கே காவல் வைத்தார்கள் என்பது தானாகப் புரியும்.

மேற்குச் சரிவு ஊட்டி–கூடலூர் சாலை. கோவை, திருப்பூர்க்காரர்களை நான் பைக்காராவில் கட்டாயம் நிறுத்துவேன். அருவிக்காக மட்டும் இல்லை. 1932இல் தொடங்கிய பைக்காரா நீர்மின் திட்டத்தின் மின்சாரம்தான் கோயம்புத்தூர் மில்கள் பெருகக் காரணம். தாத்தா மில்லில் வேலை பார்த்த குடும்பங்கள் எங்கள் சொந்தத்தில் நிறைய. அந்தச் சம்பளத்துக்குப் பின்னால் இருந்த தண்ணீர் இது என்று சொன்னதும், படகுத்துறைக் கூட்டத்தில் நின்ற பெரியப்பா ஏரியைப் பார்த்த பார்வையே வேறு. அடுத்து நடுவட்டம். மலேரியாவுக்கு மருந்தான குயினைனுக்காக 1860களில் சின்கோனா மரம் வளர்த்த ஊர். சற்றுத் தள்ளி ஊசிமலைக் காட்சிமுனை. அங்கிருந்து கூடலூர் இறங்கும்போது காதுக்குள் அடைப்பு விடுவதோடு மரமும் மாறும். கம்பளியைக் கழற்றச் சொல்லும் வெயிலும் காப்பியும் மிளகுக் கொடியும் வந்துவிடும். ஒரு மணி நேரத்துக்குள் ஓர் உலகத்திலிருந்து இன்னோர் உலகத்துக்கு இறங்குகிறோம். பிள்ளைகளை ஜன்னலோரம் உட்காரவைத்து, தேயிலை எங்கே முடிகிறது, மூங்கில் எங்கே தொடங்குகிறது என்று கவனிக்கச் சொல்லுங்கள். முதுமலை தெப்பக்காட்டு யானை முகாமைச் சேர்ப்பதானால் அதைத் தனி நாளாக்குவதே நல்லது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் குறுக்கு வழி என்று கூகுள் மேப் கல்லட்டிப் பாதையைக் காட்டும். 36 கொண்டை ஊசி வளைவுகள், கடுமையான இறக்கம், பல விபத்துகள். வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடுவதில்லை. கூடலூரைச் சுற்றியே போக வேண்டும். தெப்பக்காட்டிலிருந்து பந்திப்பூர் வழியாக மைசூர் போகிறவர்கள், இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை காட்டுச் சாலை மூடியிருக்கும் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவை சில. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. இணையத்தில் பதிவு செய்து வாங்கிக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. 2025 கோடையில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 வண்டி என்று வரம்பும் வைத்தார்கள். கடைசி நேரத்தில் பாஸ் தேடுவதைவிடத் தேதி முடிவான அன்றே எடுத்துவிடுவது நல்லது. அரசுப் பேருந்தில் வந்தால் பாஸ் வேண்டாம். இரண்டு மூன்று பேராக வருகிறவர்களுக்கு நான் பேருந்தையே சொல்வேன். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி மூன்றுக்கும் இடையே பேருந்து அடிக்கடி உண்டு. தண்ணீர் பாட்டில் முதலிய ஒருமுறைப் பயன்பாட்டுப் பிளாஸ்டிக் மாவட்டம் முழுவதும் தடை. சோதனைச் சாவடியிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள், அபராதமும் உண்டு. ஆளுக்கொரு ஸ்டீல் பாட்டில் எடுத்துக்கொண்டால் வழியிலுள்ள தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். வீசி எறிந்த பிளாஸ்டிக் பையைக் காட்டு மாடு மெல்வதை நேரில் பார்த்தவர்களுக்கு இந்தத் தடையின் தேவையை யாரும் சொல்ல வேண்டியதில்லை.

வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையத்தில் பூரி, பொங்கல் வேண்டாம். இரண்டு இட்லி போதும், முன் சீட்டில் உட்காரவைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரம், ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இரண்டு மணி நேரத்துக்குள் அவ்வளவு உயரம் ஏறுகிறோம். இதய நோயோ ஆஸ்துமாவோ உள்ள பெரியவர்களை டாக்டரிடம் கேட்டுவிட்டு அழைத்து வருவது நல்லது, முதல் நாளில் அவர்களை மேடு ஏறவைக்க வேண்டாம்.

காட்டு மாடுகள் குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேயிலைக்குள்ளும் தெருவிலும் நிற்கும். சாதுவாகத் தெரியும், ஆனால் பக்கத்தில் போய்ப் படம் எடுக்கப் போனவர்கள் குத்துப்பட்டு இறந்திருக்கிறார்கள். அது நகரும்வரை நாம்தான் நிற்க வேண்டும்.

இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் செகண்ட் கியரில் இறங்குங்கள். ஏறி வரும் வண்டிக்கு ஒதுங்கி வழி விடுவது மலைச் சாலையின் விதி. மே மாதத்தில் போலீஸ் ஒருவழிப் பாதையாக்கி, குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் விடுவார்கள். அந்தக் கோத்தகிரிச் சாலையில், பலாப்பழம் பழுக்கும் வைகாசி, ஆனி மாதங்களில், முள்ளூர், குஞ்சப்பனை பகுதிகளுக்குப் பழத்தைத் தேடி யானைகள் வரும். பொழுது சாய்ந்த பிறகு அங்கே போவதைத் தவிர்க்க, கோத்தகிரியிலிருந்து மாலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடுங்கள். யானை சாலையில் நின்றால் ஹாரன் அடிக்காமல், விளக்கைப் பாய்ச்சாமல், தூரத்திலேயே வண்டியை நிறுத்திக் காத்திருங்கள். எதிரே வரும் லாரிக்காரர்கள் கையசைத்துச் சொன்னால் அப்படியே திரும்பிக் கோத்தகிரிக்கே வந்துவிடுங்கள். இந்தச் சாலையில் நாள்தோறும் ஓட்டுகிறவர்கள் அவர்கள்.